அண்டையூர் அறியாதார்

ஈப்போ இரயில் நிலையத்தின் வெண்ணிறக் குவிமாடங்களை அண்ணாந்து பார்த்து வியக்கவென்றே வெளியூராரும் வெளிநாட்டாரும் வருகின்றனர். ஆர்தர் பெனிசன் ஹப்பேக் என்னும் ஆங்கிலக் கட்டடக் கலைஞர் வரைந்து, 1917-ஆம் ஆண்டில் நிறைவுற்ற அம்மாளிகையை ‘ஈப்போவின் தாஜ்மகால்’ என்று ஊரார் அழைப்பர். அதன் முதுகுப்புறத்தே, தண்டவாளங்களுக்கு மேற்கே, நடந்தே சென்றடையக்கூடிய தொலைவில் இருக்கிறது புந்தோங். பேராக் மாநிலத்தில் தமிழர் செறிந்து வாழும் இடங்களுள் முன்வைத்து எண்ணத்தக்கது. எட்டயபுரத்துப் பக்கமிருந்து வந்தோர் தொடங்கி வளர்த்த கச்சாங் பூத்தே தொழிலால் நாடெங்கும் பெயர் பெற்றது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பால்மரம் அழிந்து செம்பனை வந்தபோதும், லயத்தை விட்டு வெளியேறிய பல குடும்பங்களுக்குப் புகலிடமாய் நின்றது. வண்டிகள் வருவதும் போவதும் அவ்வூருக்குப் புதிதன்று. ஆனால், அவ்வண்டியொன்றில் ஏறி, அண்டை ஊரில் இறங்கி, ஒரு பகற்பொழுது காலாற நடந்து பார்த்துவிட்டு மாலையில் வீடு திரும்பிய குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பயணம் செய்யாத மக்களா அவர்கள்? அப்படிச் சொல்வது பொய்யாகும். பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் கோயில் குழுக்களும் சங்கங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் பேருந்துகளை அமர்த்துகின்றன. விடியுமுன் புறப்படும் அப்பேருந்துகள் நீர் விளையாட்டுப் பூங்காவிலோ பேரங்காடியிலோ பிள்ளைகளைக் கொட்டுகின்றன. நள்ளிரவில் உறங்கிய உடல்களாய் அள்ளிக்கொண்டு திரும்புகின்றன. வழியில் எந்த ஊரைக் கடந்தோம் என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியாது. வண்டியின் திரைப்படம் முடிந்ததா இல்லையா என்பது தெரியும். ஓய்வுபெற்ற பெரியவர்களோ பதினைந்து நாள் தலயாத்திரையாகத் தமிழ்நாடு சென்று, மதுரையையும் பழனியையும் இராமேசுவரத்தையும் ஒரே மூச்சில் சுற்றி வருகின்றனர். அதுவும் நல்லதே, குறைசொல்வதற்கில்லை. ஆயினும் அதே பெரியவரிடம், “கோலகங்சாருக்கு ஒருமுறை போய் வரலாமே” என்று கூறினால், “அங்கே என்ன இருக்கிறது?” என்றுதான் கேட்பார். இக்கேள்வியே நோய். இதற்கு மறுமொழி கூறாமல் விடுவது அறிவுடையோர்க்கு அழகன்று.

கோலகங்சாரில் ஒரு மரம் இருக்கிறது. 1876-இல் பிரேசில் நாட்டுக் காட்டிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டு செல்லப்பட்ட விதைகள் அங்கே முளைத்தன; அவற்றுள் 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூர் வந்தன; ஒன்பது கன்றுகள் கோலகங்சாரில், பேராக்கின் ஆங்கில ஆலோசகராயிருந்த ஹியூ லோவின் வளாகத்தில் நடப்பட்டன. அவ்வொன்பதில் எஞ்சிய ஒன்று மாவட்ட நில அலுவலகத்தின் அருகே வேலியிட்டுக் காக்கப்பட்டு இன்றும் நிற்கிறது. அது வெறும் மரமன்று. கடல் கடந்து தமிழனை இழுத்து வந்தது அதன் இனமே. சேலத்திலும் தஞ்சையிலும் திருச்சியிலும் கங்காணியின் சொல்லை நம்பிக் கப்பலேறிய ஒவ்வொருவரும் அம்மரத்தின் பாலுக்காகவே ஏறினர். பனியில் நனைந்து, கொசுக்கடியில் நின்று, நெற்றி விளக்கின் ஒளியில் வெட்டிய ஒவ்வொரு கோடும் அதன் கிளையினத்தின்மேல் விழுந்த கோடே. தமிழர் இந்நாட்டில் ஏன் இருக்கின்றனர் என்று கேட்கும் பிள்ளைக்கு நூறு பக்க நூலைவிட அம்மரம் தெளிவாக விடையளிக்கும். நிலையத்திலிருந்து அதனிடம் நடந்தே போய்விடலாம். புந்தோங்கின் தமிழ்ப் பிள்ளைகளுள் எத்தனை பேர் அதன் பட்டையைத் தொட்டுப் பார்த்திருப்பர்? பால்வெட்டிய பாட்டியைத் தம் வீட்டிலேயே வைத்திருக்கும் பிள்ளைகள் அவர்கள் என்பதை மறத்தலாகாது.

அதே ஊரில், புக்கிட் சண்டானில், உபுடியா பள்ளிவாசல் பொன்னிறக் குவிமாடத்தோடு விளங்குகிறது. அதனை வரைந்தவரும் ஈப்போ நிலையத்தை வரைந்த ஹப்பேக்கே. அது நிறைவுற்றதும் அதே 1917-ஆம் ஆண்டே. காலையில் ஒருவர் கைவண்ணத்தில் வண்டியேறி, நண்பகலில் அவருடைய மற்றொரு கைவண்ணத்தின்முன் நிற்கும் வாய்ப்பு எத்தனை ஊராருக்குக் கிட்டும்? கேட்டால் சிலர், “அது வேற்றுச் சமயத்தார் இடமாயிற்றே” என்று தயங்குவர். வாசலில் நின்று கட்டடத்தைக் கண்ணால் பார்ப்பதற்குச் சமயம் குறுக்கே நிற்பதில்லை; தயக்கமே நிற்கிறது.

கோலகங்சார் செல்லும் வழியில் வருவது சுங்கை சிப்புட். துன் வீ. தி. சம்பந்தன் 1919-இல் பிறந்த ஊர் அது. தோட்டங்களை வாங்கித் துண்டு துண்டாக விற்ற வணிகர் கையில் தொழிலாளர் வேலையும் வீடும் இழந்து தெருவில் நின்றபோது, அவர்களையே உறுப்பினராக்கி, பத்து வெள்ளி பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டத்தை அவர்களே வாங்கச் செய்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் 1960-இல் அவர் முயற்சியால் எழுந்தது. 1948 ஜூன் 16-ஆம் நாள் ஐரோப்பியத் தோட்ட நிருவாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதனைத் தொடர்ந்து 1960 வரை நீடித்த அவசரகாலம் பிறந்ததும் இவ்வூர்ச் சுற்றுப்புறத்தில்தான். பள்ளிப் பாடநூல் இதனை ஓரிரு வரியில் சொல்லி முடிக்கிறது. தேர்வுக்கு ஆண்டை மனனம் செய்த மாணவனுக்கு அந்த இடம் தன் வீட்டிலிருந்து எவ்வளவு தொலைவு என்பது தெரியாது. தெரியாமற்போனது மாணவன் குற்றமன்று.

தெற்கே திரும்பினால் பத்து காஜா. வில்லியம் கெல்லி ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 1915-இல் தொடங்கி, 1926-இல் லிஸ்பனில் இறந்ததனால் முடிக்காமல் விட்ட மாளிகை அங்கே, நகருக்குச் சற்று வெளியே நிற்கிறது. பேய் உலவும் மாளிகை என்னும் பெயரே அதற்கு வாய்த்தது. பேயைப் பார்க்கச் செல்வோர் கூட்டமே மிகுதி. அதனைக் கட்டியவர்களுள் சென்னை மாகாணத்திலிருந்து வந்த தமிழர் இருந்தனர். கொள்ளைநோய் வந்து தொழிலாளர் பலர் மாண்டபோது, எஞ்சியவர்கள் மாரியம்மனுக்குக் கோயில் வேண்டுமென்று கேட்க, துரை கட்டிக் கொடுத்தார் என்பது வழிவழியாகக் கூறப்பட்டுவரும் செய்தி. அக்கோயில் மாளிகைக்குச் சற்றுத் தள்ளி இருக்கிறது. தெய்வ உருவங்களுக்கு நடுவே தொப்பி வைத்த துரையின் உருவமும் அங்கே நிற்கிறது. பேருந்தில் வருவோர் மாளிகையின் படிக்கட்டில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். நடந்து செல்பவனுக்கே கோயில் தென்படும். துரையின் பெயர் பலகையில் இருக்கிறது. கல் சுமந்தவன் பெயர் எங்கும் இல்லை என்பதும் அவனுக்கே உறைக்கும்.

இனி மறுப்பாளர் கூற்றுகளைப் பார்ப்போம். நடப்பது ஏழையின் செயல் என்பது முதற்கூற்று. வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஆனால் கடைத்தெருவுக்குக்கூட மோட்டார் சைக்கிள் இல்லாமல் போகாத கால்கள் அதனைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. தோட்டத்தில் நாள்தோறும் பல கல் நடந்தவரின் பேரப்பிள்ளைகள் நடையை இழிவாக எண்ணுவதன் காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதே; அது பொறுத்துக்கொள்ளக் கூடியதன்று. தைப்பூசத்தன்று புந்தோங் மாரியம்மன் ஆலயத்திலிருந்து குனோங் சீரோ கல்லுமலைக் கோயில் வரை வெறுங்காலோடு, காவடியோடு, கொதிக்கும் தார்ச்சாலையில் நடப்பவர் யார்? இதே மக்களே. ஆதலின் கால்களில் குறையில்லை.

இரண்டாவது கூற்றில் உண்மையான வலி இருக்கிறது. முதியோர் சிலருக்கு இரயில் என்றாலே நெஞ்சம் பதைக்கும். 1942-க்கும் 1945-க்கும் இடையே சயாம் மரண இரயில்பாதைக்குத் தோட்டத் தமிழர்களைச் சரக்குப் பெட்டிகளில் அடைத்துக் கொண்டுபோனது இரயிலே, பல்லாயிரவர் மீளவில்லை. அதற்கு முன்னரும் தமிழன் தானாக இரயிலேறியது குறைவு. துறைமுகத்திலிருந்து தோட்டத்திற்கும், ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்திற்கும் அவன் ஏற்றி அனுப்பப்பட்டான். போகுமிடத்தை வேறொருவரே முடிவு செய்தார். இவ்வரலாற்றை நினைப்பவர்க்கு, தன் காசில் சீட்டு வாங்கித் தான் விரும்பிய ஊரில் இறங்கி, விரும்பிய தெருவில் திரும்பி, மாலையில் தன் வீட்டுக்கே மீண்டுவரும் பயணம் பொழுதுபோக்காகத் தோன்றாது. பாட்டனுக்குக் கிடைக்காத உரிமை அது. அவர் பெயரைச் சொல்லியே அதனைப் பயன்படுத்தாமல் விடுவது என்ன நியாயம்?

மூன்றாவது கூற்று, தேர்வுக்கு நேரமில்லை என்பது. இதனைச் சொல்பவர்கள் ஆசிரியர்கள். பயிற்சிக் கல்லூரியில், அண்மையிலிருந்து சேய்மைக்கு, தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு என்று எழுதி எழுதிக் கை வலித்தவர்கள் இவர்கள். வகுப்பறைக்குள் வந்ததும் அமேசான் ஆற்றைக் கற்பிக்கின்றனர். ஊர் எல்லையில் ஓடும் சுங்கை பாரி எங்கே போய்க் கலக்கிறது என்று கேட்பதில்லை. பள்ளிச் சுற்றுலாவை மூன்று பேருந்தாகப் பெருக்கி, எண்ணிக்கையை அறிக்கையில் எழுதி, படமும் ஒட்டி மேலிடத்திற்கு அனுப்பும் தலைமையாசிரியர்கள் பன்னிரண்டு பிள்ளைகளோடு பத்து காஜாவில் நடக்கத் தயங்குகின்றனர். அறிக்கையில் பன்னிரண்டு என்பது சிறுத்துத் தெரிகிறதாம்.

தாமஸ் குக் என்னும் ஆங்கிலேயரின் பெயரை உலகச் சுற்றுலாத் துறை முழுவதும் அறியும். அவர் தொடங்கியது உலகப் பயணத்தை அன்று. 1841 ஜூலை 5-ஆம் நாள், ஏறத்தாழ ஐந்நூறு பேரை, தலைக்கு ஒரு ஷில்லிங் வீதம், லெஸ்டரிலிருந்து லப்பரோவுக்கு இரயிலில் கொண்டுபோய் அன்றே திரும்பக் கொண்டுவந்தார். இரண்டுக்கும் இடையே இருபது கிலோமீட்டர்கூட இல்லை. ஈப்போவிலிருந்து பத்து காஜா அளவுதான். சென்றவர்கள் உழைக்கும் மக்கள். சென்றது மதுவிலக்குக் கூட்டத்திற்கு. விடுமுறை நாளில் குடியைத் தவிர வேறு வழி அறியாத தொழிலாளிக்கு வேறொரு வழியைக் காட்ட அவர் இரயிலை நாடினார். கள்ளுக்கடையும் சம்சுவும் எத்தனை தோட்டக் குடும்பங்களைத் தின்றன என்பதை அறிந்த சமுதாயம் இச்செய்தியைப் படித்துவிட்டு எளிதில் பக்கத்தைத் திருப்பக் கூடாது.

தமிழர்க்கு இவ்வழக்கம் அயலானதா என்றால், அதுவும் இல்லை. ஆற்றுப்படை என்று ஓர் இலக்கிய வகையையே வைத்திருந்தவர்கள் அவர்கள். எந்த வழியில் போனால் எந்த நிலம் வரும், அங்கே யார் என்ன உணவு தருவர் என்று சொல்லும் பாட்டுகளைப் பத்துப்பாட்டுள் பாதியளவு வைத்துப் போற்றினர். புகாரிலிருந்து மதுரைக்குக் கண்ணகி நடந்தாள். ஊர் ஊராய்ச் சென்று, ஒவ்வோர் ஊரையும் பேர்சொல்லிப் பாடினர் நாயன்மார். உலகம் சுற்றிய தமிழன் என்று புகழ்பெற்ற ஏ. கே. செட்டியார், தமிழ்நாட்டுக்குள்ளேயே அக்காலத்தார் செய்த பயணங்களைப் பற்றிய பழங்கட்டுரைகளைத் தேடித் தொகுத்து நூலாக்கினார். உலகைப் பார்த்தவர்க்கே அண்டை ஊரின் அருமை தெரிந்தது போலும்.

வசதியில்லை என்று சொல்லவும் இடமில்லை. ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே 2010-இல் மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. 2015-இல் வடக்கே பாடாங் பெசார் வரை நீண்டது. எல்லா வண்டியும் எல்லா நிலையத்திலும் நிற்பதில்லை. நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். வெயிலுக்குக் குடையும், ஒரு போத்தல் தண்ணீரும், முடிந்தால் வீட்டிலேயே கட்டிய எலுமிச்சைச் சாதமும் போதும். கூட ஒரு பாட்டி வந்தால் நல்லது. வழிகாட்டிக்குக் கூலி கொடுத்து அழைப்பவர்கள், வீட்டில் உட்கார்ந்திருக்கும் வழிகாட்டியை மறந்துவிடுகின்றனர். எந்தத் தோட்டம் எங்கே இருந்தது, எந்தக் கோயில் எந்த மேட்டில் நின்றது என்பதை இனிச் சொல்லக் கூடியவர்கள் அவர்களே. அவர்களும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றனர். செம்பனைக்கும் புதிய வீடமைப்புக்கும் அடியில் போய்விட்ட லயங்களை எந்த வரைபடமும் காட்டாது.

வடக்கே மேலும் சென்றால், பேராக் ஆற்றைக் கடக்கும்போது, 1900-இல் கட்டி முடிந்த பழைய விக்டோரியா பாலம் செங்கல் தூண்களோடு சன்னலுக்கு வெளியே தோன்றும். பாடாங் ரெங்காஸ் கடந்ததும் மலைக்குள் நீண்ட சுரங்கப்பாதை. அதைத் தாண்டினால் தைப்பிங். 1883-இல் தோன்றிய பேராக் அரும்பொருளகம், ஈயக் குட்டையாயிருந்து பூங்காவான ஏரி, எந்நேரமும் வரக்கூடிய மழை ஆகிய மூன்றையும் எல்லாரும் அறிவர். ஏரிக்கு அப்பால், மலையடிவாரத்தில், போரில் மாண்டோரின் கல்லறைகள் எண்ணூற்றுக்கும் மேல் வரிசையாய் இருக்கின்றன. சாலையின் ஒருபுறம் கிறித்தவர்க்கும் மறுபுறம் இந்திய வீரர்க்கும் எனப் பிரிக்கப்பட்டிருக்கும் அவ்விடத்தில் பெயர் தெரியாத கற்களே பாதிக்கு மேல். அங்கே பிள்ளைகள் குரலைத் தாழ்த்திக்கொள்வர். யாரும் சொல்லித்தர வேண்டுவதில்லை.

மலாயாவின் முதல் இரயில் 1885 ஜூன் முதல் நாள் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது. தொலைவு பதின்மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பாதை போட வந்தவர்களுள் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர் அணியினரும் இருந்தனர். அப்பாதை இப்போது இல்லை. போர்ட் வெல்டும் கோலா செபெத்தாங் ஆகிவிட்டது. நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் மீன் நாறும் அத்தெருவில் நிற்கிறது. நான்கு எழுத்தில் ஊர்ப்பெயர் எழுதியிருக்கிறது. அவற்றுள் ஒன்று தமிழ். இறாலும் நண்டும் உண்பதற்காகப் புந்தோங்கிலிருந்தும் பேருந்துகள் அங்கே வருவதுண்டு. உணவகத்தின் வாசலிலேயே நிறுத்தி, உண்டு முடித்தவரை வாசலிலேயே ஏற்றிக்கொண்டு போய்விடுகின்றன. பலகையோ சில அடி தள்ளி, நடந்து வருபவரின் கண்ணில் படும் இடத்தில் நிற்கிறது.