கண்ணுக்குள் போடும் ஊசி: பயப்பட வேண்டிய இடம் எது?

நீரிழிவால் விழித்திரை வீங்கிப் பார்வை மங்கியவர்களுக்குக் கண்ணுக்குள் ஊசி போடுவது இப்போது வழமையான சிகிச்சை. பயத்தில் கிளினிக் திகதியைத் தவறவிடுகிறவர்களும் உண்டு. ஊசிக்குப் பின் கண்ணுக்குள் கிருமித்தொற்று வருவது சில ஆயிரம் ஊசிகளுக்கு ஒன்று என்ற அளவில்தான். ஊசியைத் தவிர்த்துப் பார்வையை இழக்கும் வாய்ப்பு அதைவிட மிக அதிகம்.

பயப்பட வேண்டிய இடம் வேறு. அவாஸ்டின் என்ற பெயரில் அறியப்பட்ட பெவசிசுமாப், குடல் புற்றுநோய்க்கு வந்த மருந்து. கண்ணுக்கென்றே தயாரான ஊசிகளின் விலை எட்டாததால் பல நாடுகளில் வைத்தியர்கள் இதையே போடுகிறார்கள். பலனும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் சிறிய போத்தலில் இருப்பது 4 மில்லிலீற்றர். ஒரு கண்ணுக்குப் போவதோ 0.05 மில்லிலீற்றர். எனவே ஒரு போத்தலைப் பல சிரிஞ்சுகளாகப் பிரிக்கிறார்கள். பிரிக்கும் மேசையில் கிருமி புகுந்தால் ஒருவரோடு நிற்காது.

2011இல் மயாமியில் 12 பேருக்கு இப்படித் தொற்றியது. 2016 ஜனவரியில் அகமதாபாத்தில் 15 பேர் பாதிக்கப்பட்டனர். கண்ணுக்கு இம்மருந்தைப் போடுவதை நிறுத்தச் சொன்ன இந்திய அரசு, சில வாரங்களில் அத்தடையை விலக்கிக்கொண்டது. ஏழை நோயாளருக்கு வேறு மருந்து கட்டுப்படியாகாதே! 2023 செப்டெம்பரில் பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் 60க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். அங்கும் பிரித்து விற்ற மருந்துதான்.

நம் நாட்டுக்கும் இது தூரத்துக் கதையல்ல. 2023 ஏப்ரலில் நுவரெலியாவில் கண்புரை சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களின் கண்களில் தொற்று ஏற்பட்டது. அது ஊசியல்ல, இந்தியாவிலிருந்து வந்த பிரெட்னிசலோன் சொட்டு மருந்து. வேறு வைத்தியசாலைகளையும் சேர்த்துச் சுமார் 30 பேர் பாதிக்கப்பட்டனர். முதல் இரண்டு மூன்று நோயாளரின் மருந்துத் தொகுதி இலக்கம் உடனே ஒப்பிடப்படுமானால் எத்தனையோ கண்கள் தப்பும். போட்ட மருந்தின் பெயர், தொகுதி இலக்கம், பிரித்த திகதி மூன்றையும் கிளினிக் கொப்பியில் எழுதுவதற்குப் புதிதாக நிதி ஒதுக்கத் தேவையில்லை. சுகாதார அமைச்சு ஒரு சுற்றறிக்கையில் இதைச் செய்யலாம்.

மற்றது நேரம். ஊசி போட்ட அன்று கண் உறுத்துவதும் வெள்ளையில் இரத்தத் திட்டு தெரிவதும் பெரும்பாலும் தானாக மாறிவிடும். ஓரிரு நாளில் வலி கூடி, வெளிச்சம் கூசி, பார்வை மேலும் மங்கினால் அது அவசரம். மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கிப் பார்ப்பது நேர விரயம். நுண்ணுயிர்க்கொல்லியைக் கண்ணுக்குள்ளேயே செலுத்தியாக வேண்டும், அதுவும் மணித்தியாலக் கணக்கில்.

நாவற்குடாவில் இருப்பவர் ஓட்டோ பிடித்தால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போய்விடலாம். படுவான்கரையில் சனிக்கிழமை இரவு கண் வலிப்பவர் முதலில் போவது அருகிலுள்ள கிராமிய வைத்தியசாலைக்கு. 'திங்கட்கிழமை கிளினிக்குக்குப் போங்கள்' என்று அங்கு சொல்லாமல், அந்த இரவே கண் பிரிவுக்கு அனுப்ப எழுத்தில் அறிவுறுத்தல் இருக்க வேண்டும்.