அவளுக்கும் ஒரு ஆட்டம்!



பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கடிதம் எழுதியிருக்கிறாள். பள்ளி சாப்ட்பால் அணிக்குப் பெயர் கொடுத்தாளாம். பந்து பட்டால் கை வீங்கிவிடும் என்று பாட்டி பயப்படுகிறாராம். வெளியூர் மேட்ச் என்றதும் அப்பா, "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கும்மா இதெல்லாம்?" என்கிறாராம். 'நான் என்ன செய்யட்டும் டீச்சர்?' என்று கேட்டிருக்கிறாள்.

முதலில் பாட்டிக்குப் பதில். பாட்டி சொல்வது பொய்யில்லை! 'சாப்ட்' என்பது பெயரில்தான். அந்தப் பந்து மெத்தென்று இருக்காது. சுற்றளவு 12 அங்குலம். கிரிக்கெட் பந்தைவிடப் பெரியது, எடையும் கொஞ்சம் கூடுதல். அதனால்தான் பந்தைப் பிடிப்பவர்கள் கையுறை போட்டுக்கொள்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு 11 அங்குலப் பந்து உண்டு. பழகும் நாட்களில் பழைய டென்னிஸ் பந்தே போதும். பிடிக்கவும் எறியவும் பயம் போன பிறகு பெரிய பந்துக்குப் போகலாம்.

இந்த ஆட்டம் பிறந்த கதை வேடிக்கையானது. 1887-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில், ஒரு படகுக் கழகத்துக் கூடத்தில் இளைஞர்கள் கூடியிருந்தார்கள். ஒருவர் குத்துச்சண்டைக் கையுறையைத் தூக்கி எறிய, இன்னொருவர் அதைக் கழியால் அடித்தார். அங்கே இருந்த ஜார்ஜ் ஹான்காக் என்பவர், 'இதையே ஒரு ஆட்டமாக்கலாமே!' என்று தொடங்கியதுதான் இன்று அணிக்கு ஒன்பது பேர், ஏழு இன்னிங்ஸ் என்று வளர்ந்து நிற்கிறது. கையுறையில் பிறந்த விளையாட்டு! ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பிள்ளைகளுக்குத் தோலைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா? உங்களில் எத்தனையோ பேரின் அம்மா காலையில் கம்பெனி பஸ் ஏறி, ஷூ தைக்கப் போகிறவர்தான். ஊர் முழுக்கத் தோல் இருக்கிறது. பள்ளியில் பெண் பிள்ளைகளுக்கு ஒரு தோல் கையுறை இல்லை!

இனி அப்பாவுக்கு.

ஐயா, கடலூரைப் பாருங்கள். அங்கே மாரியப்பன் என்ற பயிற்சியாளர் பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து கற்றுக்கொடுத்தார். 2004-ல் வந்த சுனாமியில் பாதிக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளும் அவரிடம் வந்து சேர்ந்தார்கள். வெறும் பந்து மட்டும் கொடுத்தால் போதாது, படிப்பும் சாப்பாடும் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கே ஆடினார். 2018-ல் தேசிய மகளிர் கால்பந்துப் போட்டியில், பலமுறை பட்டம் வென்ற மணிப்பூரை 2-1 என்று தோற்கடித்துத் தமிழ்நாடு முதன்முறையாகக் கோப்பையை வென்றபோது, அந்த அணியிலும் அவர் இருந்தார். விளையாட்டு அவருக்குக் காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர் வேலையும் வாங்கித் தந்தது.

சாப்ட்பாலிலும் ஒருவர் இருக்கிறார். ஜப்பானின் யுகிகோ உவேனோ, 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் இரண்டே நாட்களில் மூன்று ஆட்டங்கள் ஆடி 413 முறை பந்து வீசித் தங்கம் வாங்கினார். (நீங்கள் அப்படி வீசாதீர்கள்! வளரும் கைக்கு ஓய்வு வேண்டும். தோள் வலித்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும்.) 2021-ல் டோக்கியோவில் மறுபடியும் தங்கம். அப்போது அவருக்கு வயது 39. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் சாப்ட்பால் திரும்ப வருகிறது.

ஆனால், எல்லாரும் ஒலிம்பிக் போகப் போவதில்லை. அதற்காக நான் இதை எழுதவும் இல்லை.

நான் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். மாணவிகள் வெளியூர் போனால் கூட ஒரு டீச்சர் போக வேண்டும். அப்படித்தான் எறிபந்து அணி என் தலையில் விழுந்தது. குறுவட்டப் போட்டிக்குப் பன்னிரண்டு பேரைக் கூட்டிப்போனேன். ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் அம்மா, கம்பெனியில் அரை நாள் லீவு போட்டுவிட்டு மகள் ஆடுவதைப் பார்க்க வந்திருந்தார். ஜெயிக்க வேண்டும் என்ற வெறியில் நான் அவளைக் கடைசிவரை இறக்கவே இல்லை. ஜெயித்தோம். எல்லாரும் குதித்தார்கள். அவள் சீருடையை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, "போயிட்டு வரேன் டீச்சர்" என்று அம்மாவோடு பஸ் ஏறினாள். அடுத்த வருடம் பெயர் கொடுக்கவில்லை. கேட்டதற்கு, "படிப்பு இருக்கு டீச்சர்" என்றாள். அந்தக் கோப்பை எங்கே இருக்கிறது என்றுகூட இப்போது எனக்குத் தெரியாது. அவள் முகம் மட்டும் தெரிகிறது.

அதனால் பயிற்சி தரும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூட்டிப்போன ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு முறையாவது களத்தில் இறக்குங்கள். ஒருத்தியையே எப்போதும் பந்து வீச வைக்காமல் இடம் மாற்றி ஆடவிடுங்கள். பத்து வயதில் தடுமாறுகிறவள் பதினான்கில் என்ன ஆவாள் என்று யாரும் சொல்ல முடியாது. இன்னொன்று: போட்டி நடக்கும் திடலில் பூட்டு இல்லாத, தண்ணீர் வருகிற கழிப்பறை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாததால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வெயிலில் ஆடிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

தம்பிகளே, உங்களுக்கும்தான்! மைதானம் முழுக்க உங்கள் கிரிக்கெட்டுக்கே பட்டா போட்டுத் தரவில்லை. வாரத்தில் இரண்டு நாளாவது அக்கா, தங்கைகளுக்கு விடுங்கள்.

கடிதம் எழுதிய கண்ணு! அப்பாவிடம் சண்டை போடாதே. எந்த டீச்சர் கூட வருகிறார், எந்த பஸ், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று ஒரு தாளில் எழுதிக் கொடு. பயிற்சி நடக்கும்போது ஒரு நாள் அப்பாவை மைதானத்துக்குக் கூட்டி வா. பாட்டியையும்தான்!

மற்றவர்களுக்கு ஒரு வேலை. வரும் வாரம் விளையாட்டுப் பாடவேளையில், எத்தனை மாணவிகள் ஓடி ஆடுகிறார்கள், எத்தனை பேர் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். உட்கார்ந்திருப்பவர்களிடம் காரணம் கேட்டு, ஒரு அஞ்சலட்டையில் எழுதிப் போடுங்கள். வகுப்பையும் ஊரையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சரம்மா