வரியில்லாப் புத்தகத்தின் வரி

ராஜா அண்ணாமலைபுரத்தில் நண்பர் ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் மாதம் ஒருமுறை கூடிப் புத்தகங்களைப் பற்றிப் பேசுவது எங்கள் வழக்கம். சென்ற கூட்டத்தில் பேசுவதாக இருந்த மொழிபெயர்ப்பு நாவல் கடைசிவரை பையை விட்டு வெளியே வரவில்லை. சிறு பதிப்பகம் நடத்தும் நண்பர் தம் புதிய நூலின் செலவுக் கணக்கைக் கொண்டுவந்திருந்தார். "புத்தகத்துக்குத்தான் ஜிஎஸ்டி கிடையாதே, பிறகென்ன குறை?" என்று கேட்டார் வங்கியில் பணியாற்றி ஓய்வுபெற்ற இன்னொரு நண்பர். அந்தக் கேள்வியிலேயே இரவு பத்து மணி ஆயிற்று. அன்று அவருக்குக் கோவையாகச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறோம்.

அச்சிட்ட புத்தகத்தின்மீது வரி இல்லை என்பது உண்மையே. ஆனால் 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்த இச்சட்டத்தில் "வரி இல்லை" என்பதற்கு இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று, விற்பனைக்கு வரி இல்லை. அப்பொருளை உருவாக்கும்போது செலுத்திய வரிகளும் திரும்பக் கிடைக்கும். ஏற்றுமதிக்கு இந்தச் சலுகை உண்டு. மற்றது, விற்பனைக்கு மட்டும் விலக்கு. இடையில் செலுத்தியது போனது போனதுதான். புத்தகத்தை இந்த இரண்டாவது வகையில் வைத்திருக்கிறார்கள். தாள், அட்டை, வடிவமைப்பாளரின் கட்டணம், கூரியர் என்று பதிப்பாளர் வழிநெடுகச் செலுத்தும் வரி முழுவதும் அவர் தலையிலேயே நிற்கிறது. பிறகு அது விலையில் ஏறி நம்மிடம் வருகிறது. ரசீதில் மட்டும் பூஜ்யம்.

இங்கே கொஞ்சம் சரித்திரம் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் பொது விற்பனை வரி பிறந்தது நம் சென்னை மாகாணத்தில்தான். மதுவிலக்கால் இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் அச்சட்டத்தைக் கொண்டுவந்தவர் ராஜாஜி, சிறுகதைகளும் எழுதியவர். பொருள் கைமாறும் ஒவ்வொரு கட்டத்திலும் விழுந்த வரி அது. வரிக்கு மேல் வரி ஏறும் இந்த நோய்க்கு மருந்தாகத்தான் தமிழகத்தில் 2007இல் மதிப்புக் கூட்டு வரியும், பத்தாண்டு கழித்து ஜிஎஸ்டியும் வந்தன. சோப்புக்கும் சிமெண்டுக்கும் மருந்து கிடைத்தது. வரிவிலக்கு என்ற பெயரில் புத்தகம் மட்டும் பழைய நோயோடு வாசலில் நிறுத்தப்பட்டது.

2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த வரிச் சீர்திருத்தத்தைத் தீபாவளிப் பரிசு என்றார்கள். பள்ளி நோட்டுக்கு வரி நீங்கியது. அந்த நோட்டு செய்யும் தாளுக்கும் நீங்கியது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் அதே நாளில் புத்தகம் அச்சிடும் தாளுக்கு வரி 12 விழுக்காட்டிலிருந்து 18 ஆயிற்று. ஒன்றும் எழுதாத தாளுக்கு விலக்கு, எழுத்தேறிய தாளுக்கு அபராதம்! இருபதாயிரம் ரூபாய்க்குத் தாள் வாங்கினால் முன்பு 2,400 ரூபாய் வரி, இப்போது 3,600. பெரிய பதிப்பகத்துக்கு இது சில்லறையாக இருக்கலாம். ஐந்நூறு படி அச்சிட்டு மூன்று ஆண்டில் விற்பவருக்கு அப்படியல்ல.

தாளைவிட எங்களைச் சினங்கொள்ள வைப்பது உரிமைத்தொகையின்மீதான வரி. எழுத்தாளருக்குப் பதிப்பாளர் ராயல்டி கொடுத்தால் அந்தத் தொகைக்கு அரசுக்கு வரி கட்ட வேண்டியவரும் பதிப்பாளரே. ரிவர்ஸ் சார்ஜ் என்று இதற்குப் பெயர். 2017இல் 12 விழுக்காடாக இருந்தது 2021 அக்டோபரில் 18 ஆயிற்று. இருநூறு ரூபாய் நூல் ஐந்நூறு படி விற்று, பத்து விழுக்காடு ராயல்டி கொடுத்தால் எழுத்தாளருக்குப் பத்தாயிரம். அதன்மேல் அரசுக்கு 1,800. இதுவும் திரும்பாது. 2019இல் எழுத்தாளரே பதிவு செய்துகொண்டு வரி கட்டலாம் என்று ஒரு மாற்று வழி திறந்தார்கள். ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய் பெறும் கவிஞர் மாதக் கணக்குத் தாக்கல் செய்யும் காட்சியை வாசகர்கள் கற்பனை செய்துகொள்ளட்டும்.

கேடு தொகையில் மட்டும் இல்லை. வரிவிலக்குப் பெற்ற பொருளை மட்டும் விற்பவர் ஜிஎஸ்டியில் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் ரிவர்ஸ் சார்ஜ் கட்ட வேண்டியவர், விற்றுமுதல் எவ்வளவு சிறிதானாலும், பதிவு செய்தே ஆகவேண்டும் என்கிறது சட்டத்தின் 24ஆம் பிரிவு. இதன் நடைமுறைப் பொருள் என்ன? எழுத்தாளருக்கு ஒழுங்காகப் பணம் கொடுக்கும் சிறு பதிப்பாளருக்குப் பதிவு, கணக்கு, தணிக்கையாளர் கட்டணம், வரி எல்லாம் உண்டு. பத்துப் படிகளைக் கையில் திணித்து அனுப்பிவிடுகிறவருக்கு எதுவும் இல்லை. ராயல்டி என்ற சொல்லே அபூர்வமாக ஒலிக்கும் தமிழ்ப் பதிப்புலகில், நேர்மைக்கு மட்டும் வரி போடும் ஏற்பாடு இது. தில்லியில் யாரும் இதைத் திட்டமிட்டிருக்க மாட்டார்கள். திட்டமிடாததனாலேயே எட்டு ஆண்டுகளுக்கு மேலாகியும் யார் கண்ணிலும் படவில்லை போலும்.

நாங்கள் கேட்பவை இரண்டே. புத்தகத்தை ஏற்றுமதிப் பொருளைப்போல நடத்தி இடைவரிகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இலக்கிய ஆக்கத்தின் ராயல்டியை வரியிலிருந்து விடுவிக்க வேண்டும். ஐந்து விழுக்காடு வரி விதித்து இடைவரியைக் கழித்துக்கொள்ள விடலாமே என்று சிலர் சொல்கிறார்கள். கணக்கில் அது லாபமாகக்கூட இருக்கலாம். ஆனால் ஐந்து ஒருமுறை நுழைந்தால் அங்கேயே நிற்கும் என்பதற்கு உறுதி இல்லை. ராயல்டி வரி போன பாதையை மேலே பார்த்தோம்.

திருப்பித் தருவதென்றால் மோசடி பெருகும் என்பது வங்கி நண்பரின் வாதம். அவருக்கு ஒன்று சொல்வோம். இதே நூலை முறைப்படி டொராண்டோவுக்கு ஏற்றுமதி செய்தால் இடைவரியைத் திரும்பப் பெறச் சட்டம் இன்றே இடம் தருகிறது. மயிலாப்பூரில் விற்றால் தருவதில்லை. கனடாத் தமிழர் வாங்கும்போது வராத மோசடிப் பயம் கச்சேரி ரோட்டுக்காரர் வாங்கும்போது மட்டும் ஏன் வருகிறது? பிரிட்டனில் அச்சு நூல்களுக்குப் பூஜ்ய விகிதம், இடைவரி திரும்பும் ஏற்பாட்டோடு, பல பத்தாண்டுகளாக இருக்கிறது. அந்நாட்டுக் கருவூலம் இதனால் திவாலாகிவிடவில்லை.

வரியே கூடாதென்று சொல்லும் கூட்டமல்ல நாங்கள். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது, அதில் எஸ். ஆர். ரங்கநாதனின் பங்கு பெரிது. இந்தத் தெருவில் உள்ள ஒவ்வொரு வீடும் சொத்துவரியோடு நூலக வரியும் கட்டுகிறது. மனமுவந்தே கட்டுகிறோம். ஆனால் அந்த வரிப்பணத்தில் நூலகம் வாங்கும் புத்தகத்தின் தாளிலும் வரி ஒளிந்திருக்கிறது என்பது நாங்கள் கண்ட வேடிக்கை.

2019 ஜூலை பட்ஜெட் உரையில் நிதியமைச்சர் பிசிராந்தையாரின் புறநானூற்றுப் பாடலைச் சொன்னார். அளவறிந்து கொள்ளாத வரி, வயலில் புகுந்த யானை தின்பதைவிட மிதிப்பது மிகுதியாவது போன்றது என்ற கருத்துடைய பாட்டு. அப்பாடலைப் பதிப்பித்து, புதிதாக உரை எழுதியவருக்குப் பணமும் கொடுக்கும் ஒரு சிறு பதிப்பகம் இன்று தாளுக்கும் 18, உரைக்கும் 18 கட்டியாக வேண்டும்.

ஜிஎஸ்டி மன்றத்தில் தமிழ்நாட்டுக்கும் ஓர் இருக்கை உண்டு. மாநில நிதித்துறைக்கு எழுதும் கடிதத்தின் வரைவைப் பதிப்பக நண்பர் தயாரித்துக்கொண்டிருக்கிறார். வங்கி நண்பர் ராயல்டி விஷயத்தில் எங்களோடு உடன்பட்டுவிட்டார். இடைவரி விஷயத்தில் இன்னும் இல்லை. மறுப்பை எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வந்ததும் இங்கேயே வெளியிடுவோம். நாவல் அடுத்த மாதத்துக்கு.