மைதானத்துக்கு ஒரு நீதி, வகுப்பறைக்கு ஒரு நீதியா?

(மூன்றாம் ஆண்டு வரலாற்று மாணவன் ஒருவன்)

நான் ஓர் ஓட்டக்காரன். நானூறு மீட்டரும் எண்ணூறு மீட்டரும் என் பந்தயங்கள். நம் கல்லூரியின் பெயர் பொறித்த பனியனை அணிந்து மூன்றாண்டுகளாக ஓடி வருகிறேன். ஆகவே, விளையாட்டு வீரர்களின் படிப்பைப் பற்றி நான் இங்கே எழுதுவதை, களத்தில் இறங்காதவன் பொறாமையால் எழுதியது என்று எவரும் தள்ளிவிட முடியாது. இது முதலில் என்மீது நானே சாட்டும் குற்றம்.

இரண்டாம் ஆண்டில் நடந்தது இது. மண்டலப் போட்டி முடிந்து, கழுத்தில் வெள்ளிப் பதக்கத்துடன் ஊர் திரும்பினேன். நான் இல்லாத நாட்களில் உள்மதிப்பீட்டுத் தேர்வு முடிந்திருந்தது. தயங்கித் தயங்கித் துறைக்குப் போய், “சார், நான் எப்போது எழுதுவது?” என்று கேட்டேன். “நீ பதக்கம் வாங்கி வந்தாயே, அது போதாதா தம்பி? எழுத வேண்டாம் போ. பதினெட்டு போட்டுவிட்டேன்” என்றார் பேராசிரியர். இருபத்தைந்துக்குப் பதினெட்டு! அன்று மாலை கேண்டீனில் நண்பர்களுக்கு வடையும் தேநீரும் என் செலவு.

நவம்பரில் பருவத் தேர்வு வந்தது. வினாத்தாளைப் பார்த்தேன். எந்த ஊர் எழுத்தோ என்று தோன்றியது. எழுபத்தைந்துக்கு இருபத்தொன்று வாங்கினேன். தேர்ச்சிக்கு முப்பது வேண்டும். என் பக்கத்து இருக்கை நண்பன் மாலையில் ஓட்டலில் பரிமாறும் வேலை பார்ப்பவன். அவனுக்கு உள்மதிப்பீட்டில் கிடைத்தது பன்னிரண்டே. ஆனால் அவன் தேறினான். அவனுடைய பன்னிரண்டு உழைத்து வாங்கியது. என் பதினெட்டு இரந்து வாங்காமலே வந்த தானம். தானமாக வந்த மதிப்பெண் தேர்வுக் கூடத்துக்குள் துணைக்கு வரவில்லை.

என் கதை இத்தோடு போயிற்று. எனக்கு மூத்த அண்ணன் ஒருவர் கதை அப்படிப் போகவில்லை. கபடியில் அவர் பாடிப் போனால் எதிரணி இரண்டடி பின்வாங்கும். பல்கலைக்கழக அணிக்கு ஆடியவர். மூன்றாண்டுகளும் அவரை வகுப்பில் யாரும் ஒன்றும் கேட்டதில்லை. நாங்களும் அதைப் பெருமை என்றே எண்ணினோம். தமிழக அரசுப் பணிகளில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு என்பதை நாம் அறிவோம். வேறு பல நிறுவனங்களும் வீரர்களைத் தேடி எடுக்கின்றன. அப்படி ஓரிடத்திலிருந்து அண்ணனுக்கும் அழைப்பு வந்தது. கோப்பைகளையும் சான்றிதழ்களையும் ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டு போனார். “பட்டச் சான்றிதழ் எங்கே?” என்றார்கள். ஏழு பாடங்கள் அரியர். பை நிறைந்திருந்தது, அந்த ஒரு காகிதம் இல்லை. இன்று அவர் பழ மண்டியில் லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறார். எந்த உழைப்பும் இழிவில்லைதான். ஆனால் அந்த வேலைக்கு மூன்றாண்டுக் கல்லூரி வாழ்வு தேவையில்லை அல்லவா?

இந்தச் சிக்கலை நம்மைவிடப் பன்மடங்கு பெரிய அளவில் பட்டறிந்த நாடு அமெரிக்கா. அங்கே கல்லூரிக் கால்பந்தும் கூடைப்பந்தும் பெரும் வணிகம். ஒரு போட்டியைக் காண எண்பதாயிரம் பேர் கூடுவர். பல பல்கலைக்கழகங்களில் துணைவேந்தருக்கு ஒப்பான தலைவரைவிடப் பயிற்சியாளருக்கு ஊதியம் அதிகம். வெற்றி தேடும் வேகத்தில் வீரனின் படிப்பு என்ன ஆயிற்று என்பதற்கு அங்கே வழக்குமன்ற ஏடுகளே சாட்சி.

கெவின் ராஸ் என்ற கூடைப்பந்து வீரர் 1978-இல் நெப்ராஸ்கா மாநிலத்தின் கிரைட்டன் பல்கலைக்கழகத்தில் சேர்க்கப்பட்டார். நுழைவுத் தேர்வில் அவர் பெற்றது 36-க்கு 9. நான்கு ஆண்டுகள் ஆடினார். பட்டத்துக்கு வேண்டிய 128 அலகுகளில் 96 மட்டுமே சேர்ந்தன. அவற்றிலும் குறி பார்த்துச் சுடுதல், கூடைப்பந்துக் கோட்பாடு போன்றவை அடங்கும். வெளியே வந்தபோது தமது மொழித்திறன் நாலாம் வகுப்பு அளவில் இருந்தது என்று அவரே வழக்கில் சொன்னார். பிறகு சிகாகோவில் ஒரு பள்ளியில் சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தார். ஆறடிக்கு மேல் உயர்ந்த ஓர் இளைஞன் குழந்தைகளின் பெஞ்சில் கால் மடக்கி அமர்ந்திருப்பதை எண்ணிப் பாருங்கள். 1992-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு நல்ல வேறுபாட்டை எடுத்துச் சொன்னது. கற்பித்தல் தரமாக இல்லை என்று கல்லூரிமீது வழக்குத் தொடுக்க இயலாது. ஆனால் படிப்புக்கு உதவி செய்வதாக வாக்களித்துவிட்டு அதைச் செய்யவே இல்லை என்றால், அது ஒப்பந்தம் மீறிய செயல் என்று வழக்காடலாம்.

டெக்ஸ்டர் மான்லி என்பவர் ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆடியவர். பின்னர்த் தொழில்முறைக் கால்பந்தில் நாடறிந்த வீரரானார். 1989-இல் அமெரிக்க மேலவைக் குழுவின் முன் நின்று, தாம் படிக்கத் தெரியாமலேயே பள்ளியையும் கல்லூரியையும் கடந்து வந்ததாகக் கண்ணீருடன் கூறினார்.

நம் ஆசிரியப் பெருமக்கள் அறிந்துகொள்ள வேண்டிய பெயர் ஒன்றும் உண்டு. ஜான் கெம்ப் என்ற அம்மையார் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். 1981-இல் அடிப்படை ஆங்கிலத்தில் தோற்ற ஒன்பது கால்பந்து வீரர்களை மேலிடத்தார் அடுத்த நிலைக்கு ஏற்றிவிட்டனர். பெரிய போட்டி ஒன்று காத்திருந்தது. அம்மையார் எதிர்த்துப் பேசினார். பதவி பறிபோனது. அவர் வழக்காடினார். 1986-இல் நடுவர் குழு அவர் பக்கமே தீர்ப்பளித்து, இருபத்தைந்து லட்சம் டாலருக்கும் மேல் இழப்பீடு வழங்கச் சொன்னது. பின்னர்த் தொகை குறைக்கப்பட்டாலும் அவர் மீண்டும் தம் பணியில் அமர்ந்தார். பல்கலைக்கழகத் தலைவர் பதவி விலகினார். தோற்றவனைத் தோற்றான் என்று எழுதுவதற்கு ஓர் ஆசிரியை கொடுத்த விலை அது.

“அப்படியானால் கடுமையாகச் சட்டம் போட்டுவிட்டால் போயிற்று” என்று சிலர் சொல்லக்கூடும். அமெரிக்கர்கள் அதையும் செய்து பார்த்தார்கள். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் தேசியச் சங்கம் 1983-இல் ஒரு விதி இயற்றி 1986-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பள்ளியில் பதினொரு முதன்மைப் பாடங்களில் குறிப்பிட்ட சராசரியும், நுழைவுத் தேர்வில் 1600-க்கு 700-ம் பெறாதவர் முதலாண்டில் ஆடக்கூடாது என்பது விதி. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் அதில் பெரிதும் அடிபட்டவர்கள் நல்ல பள்ளிகள் இல்லாத பகுதியில் பிறந்த ஏழைகளும் கறுப்பின மாணவர்களுமே. 1989-இல் அதை மேலும் இறுக்கி, அத்தகையோருக்குக் கல்வி உதவித்தொகையையும் மறுக்க முடிவு செய்தார்கள். அப்போது ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஜான் தாம்ப்சன், ஆட்டம் தொடங்கவிருந்த வேளையில் களத்தை விட்டு வெளியேறினார். நாடே திரும்பிப் பார்த்தது. அடுத்த ஆண்டே அந்த முடிவைத் தளர்த்தினார்கள்.

தாம்ப்சன் படிப்பை அலட்சியம் செய்தவர் அல்லர். தம் வீரர்களின் படிப்பைக் கவனிக்கவே தனியாக ஓர் ஆசிரியை அவரிடம் இருந்தார். தம் அறையில் காற்றுப் போன ஒரு கூடைப்பந்தை வைத்திருந்தார். காற்று இறங்கிய பின் உன்னிடம் என்ன மிஞ்சும் என்று பையன்கள் எண்ணிப் பார்க்கட்டும் என்பதே அதன் பொருள். படிக்க வேண்டும் என்று வற்புறுத்திய அதே மனிதர், படிக்க வருபவனைக் கதவருகே நிறுத்தாதே என்றும் போராடினார். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அந்த நுழைவுத் தேர்வு மதிப்பெண் நிபந்தனையையே 2023-இல் அச்சங்கம் கைவிட்டது.

வாசலில் காவல் போட்டாலும் உள்ளே பொய் நடந்தால் பயனில்லை என்பதற்கும் அங்கே சான்று உண்டு. வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 1993 முதல் 2011 வரை பதினெட்டு ஆண்டுகள், பாடமே நடக்காத வகுப்புகள் இருந்தன. மாணவன் ஒரே ஒரு கட்டுரை எழுதித் தந்தால் போதும். அதைப் பேராசிரியர் அல்ல, அலுவலக ஊழியர் ஒருவர் மேலோட்டமாகப் பார்த்து உயர்ந்த மதிப்பெண் போட்டுவிடுவார். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் இப்படிப் “படித்தார்கள்” என்றும், அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் விளையாட்டு வீரர்கள் என்றும் 2014-இல் வெளிவந்த விசாரணை அறிக்கை கூறியது. 2017-இல் விளையாட்டுச் சங்கம் பல்கலைக்கழகத்துக்கு எந்தத் தண்டனையும் விதிக்கவில்லை. அந்த வகுப்புகள் வீரர்களுக்கு மட்டுமின்றி எல்லா மாணவர்க்கும் திறந்திருந்தனவாம்!

அந்த அறிக்கையைப் பற்றிப் படித்தபோது நான் சிரித்தேன். பிறகு என் பதினெட்டு மதிப்பெண் நினைவுக்கு வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

நம் நிலைக்கு வருவோம். ஒரு பருவத்துக்கு 90 வேலை நாட்கள். 75 விழுக்காடு வருகை வேண்டும். அதாவது 68 நாட்கள். போட்டிக்குப் போகும் நாட்களுக்கு ‘ஓ.டி.’ உண்டு. கல்லூரிகளுக்கிடையிலான போட்டி, மண்டலங்களுக்கிடையிலான போட்டி, பல்கலைக்கழக அணித் தேர்வு, பயிற்சி முகாம், வெளிமாநிலப் பயணம் என்று ஒரு நல்ல வீரனுக்கு ஒரு பருவத்தில் இருபத்தைந்து முப்பது நாட்கள் எளிதில் ஓடிவிடும். ஓ.டி. அவனுடைய வருகையைக் காப்பாற்றுகிறது. அது நியாயம், அவன் கல்லூரிக்காகத்தானே போனான்! ஆனால் அந்த நாட்களில் நடந்த பாடத்தை யார் காப்பாற்றுவது? பதிவேட்டில் நான் இருந்தேன்; பாடத்தில் நான் இல்லை.

எங்களில் பலர் வீட்டின் முதல் பட்டதாரி ஆக வந்தவர்கள். விடியலில் ஐந்து மணிக்குத் திடலில் நிற்க வேண்டும். பயிற்சி முடித்து, கிடைத்ததைத் தின்று, ஈரத் துண்டோடு முதல் மணிக்கு ஓடிவந்தால் பிற்பகல் வகுப்பில் கண் செருகும். இது சோம்பல் அல்ல, உடம்பின் களைப்பு. எனவே தேறாதவனை அணியிலிருந்து நீக்கு, படிக்காதவனுக்கு இடம் கொடுக்காதே என்று நான் கேட்கவில்லை. அப்படிச் செய்தால் எங்களில் பாதிப் பேர் கல்லூரிப் படியே ஏறியிருக்க மாட்டோம். நான் கேட்பவை மூன்று.

முதலாவது, போட்டிக்குப் போனவனுக்கு உள்மதிப்பீட்டுத் தேர்வைத் தள்ளி வையுங்கள், தள்ளுபடி செய்யாதீர்கள். திரும்பி வந்த இரண்டு வாரத்துக்குள் அவன் எழுதட்டும். ஐந்து வாங்கினால் ஐந்தே போடுங்கள். அந்த ஐந்து அவனுக்கு உண்மையைச் சொல்லும்.

இரண்டாவது, விட்டுப்போன பாடத்துக்கு ஒரு வழி செய்யுங்கள். போட்டிப் பருவம் முடிந்ததும் வாரம் இரண்டு மணி நேரம் போதும். ஆசிரியரே வர வேண்டும் என்பதில்லை. நன்றாகப் படிக்கும் வகுப்புத் தோழன் ஒருவன் நூலகத்தில் உடன் உட்கார்ந்தாலும் போதும். எங்களுக்காகக் கைதட்டும் நண்பர்களே, அந்தக் கைதட்டலோடு உங்கள் குறிப்பேட்டையும் கொஞ்சம் கொடுங்கள்.

மூன்றாவது, எங்கள் உடற்கல்வி இயக்குநரிடம் ஒரு வேண்டுகோள். எங்கள் ஓட்ட நேரத்தை நொடிக் கணக்கில் எழுதி வைக்கும் நோட்டில், அரியர் கணக்கையும் எழுதி வையுங்கள். மூன்றுக்கு மேல் போனவனை ஒரு பருவத்துக்கு ஊர்க் கோப்பை, பரிசுப் பணப் போட்டி என்று வெளியே விடாதீர்கள். பயிற்சியிலிருந்தும் பல்கலைக்கழகப் போட்டியிலிருந்தும் மட்டும் நீக்கிவிடாதீர்கள். ஆசிரியர் சொன்னால் கேட்காத எங்களில் பலர், பயிற்சியாளர் சொன்னால் கேட்போம். திடலில் ஒரு விசில் எங்களை நிறுத்துகிறது. மணியடித்தால் அப்படி நிற்பதில்லை.

சக வீரர்களுக்கும் ஒரு சொல். முழங்கால் ஒருமுறை திரும்பிவிட்டால் போதும், நம் ஆட்டம் அன்றோடு முடிந்தது. திரும்பாவிட்டாலும் முப்பது வயதுக்கு மேல் எத்தனை நாள் ஓடுவோம்? ஓட்டப் பந்தயத்தில் யாராவது என்னிடம், “நீ ஏழை, பத்து மீட்டர் முன்னால் நின்று ஓடு” என்று சொன்னால் எனக்கு ரோஷம் வரும். எல்லாரோடும் ஒரே கோட்டில் நின்று தோற்றாலும் எனக்குச் சம்மதமே. வகுப்பறையில் மட்டும் அந்த ரோஷம் எங்கே போகிறது?

தோற்ற அந்தப் பாடத்துக்காக மீண்டும் அதே பேராசிரியரிடம் போனேன். “சார், எனக்கு மதிப்பெண் வேண்டாம், பாடம் வேண்டும்” என்றேன். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “சனிக்கிழமை வா” என்றார். நான்கு சனிக்கிழமைகள், யாருமில்லாத துறை அறையில், எனக்கு ஒருவனுக்காக அவர் பாடம் நடத்தினார். ஏப்ரலில் எழுபத்தைந்துக்கு நாற்பத்தொன்று வாங்கினேன். பெரிய மதிப்பெண் இல்லை. ஆனால் அது என்னுடையது. அதற்காக நண்பர்கள் கேட்டபோது, கேண்டீனில் மறுபடியும் வடை வாங்கிக் கொடுத்தேன்.