7 படி ஏறினால் 25 கட்டுரை!

இணையதளத்தில் ஒரு தேதியைத் திருத்த எத்தனை பேர் தலையாட்ட வேண்டும்? எழுதியவர், துறைத் தலைவர், மக்கள் தொடர்பு அதிகாரி, சட்டப் பிரிவு, கடைசியில் நிர்வாகி... தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள் தப்பாக ஏறிவிட்டால், அது திருந்தி வருவதற்குள் அந்த நாளே போய்விடும். கேட்டால் தரக் கட்டுப்பாடாம்!

இந்த மோகம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நூபீடியாதான் சாட்சி. 2000 மார்ச்சில் ஜிம்மி வேல்ஸ் தொடங்கிய இணையக் கலைக்களஞ்சியம் அது. தலைமை ஆசிரியர் லாரி சாங்கர். நிபுணர்கள் எழுதுவார்கள், 7 கட்டப் பரிசீலனையைத் தாண்டினால்தான் கட்டுரை வெளியே வரும். 2003-ல் கடையை மூடும்போது தேறியவை மொத்தம் 25 வாக்கில். அதே ஆட்கள் 2001 ஜனவரியில் முன் ஒப்புதலே இல்லாமல் ஆரம்பித்த விக்கிப்பீடியா, அந்த வருட முடிவிலேயே சுமார் 20,000 கட்டுரைகளைத் தொட்டுவிட்டது.

"அப்படியானால் யார் வேண்டுமானாலும் கண்டதை எழுதலாமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 2005-ல் ஜான் சீகென்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரைக் கென்னடி கொலையோடு முடிச்சுப் போட்ட பொய், விக்கிப்பீடியாவில் நான்கு மாதம் அப்படியே கிடந்தது. அந்த மனிதருக்கு எவ்வளவு வேதனை! ஆனால் அதற்கு மருந்து 7 படி இல்லை. ஜெர்மன் விக்கிப்பீடியா 2008 மே மாதம் ஒரே ஒரு படி வைத்தது. புதியவர் செய்த மாற்றத்தை அனுபவமுள்ள ஒருவர் பார்த்துக் குறியிட்டால் போதும், வாசகருக்குத் தெரியும். அங்கும் வரிசை சேரத்தான் செய்கிறது. ஆனாலும் களஞ்சியம் வளர்கிறது.

வங்கியில் இது பழைய பாடம். ஒருவர் பதிவு செய்வார், இன்னொருவர் பாஸ் செய்வார். தான் போட்டதைத் தானே பாஸ் செய்ய முடியாது. இரண்டே பேர்! தப்பு நடந்தால் யாரைக் கேட்பது என்பது தெளிவு. ஐந்து பேர் கையெழுத்துப் போட்டால் ஒவ்வொருவரும் மற்ற நான்கு பேர் படித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

மென்பொருளும் சளைத்ததல்ல. வேர்ட்பிரஸில் 'பங்களிப்பாளர்' நிலையில் இருப்பவர் எழுதியதைப் பரிசீலனைக்கு அனுப்பலாம். வெளியான பிறகு, தன் கட்டுரையிலேயே ஒரு ஒற்றெழுத்தைக்கூடச் சேர்க்க முடியாது. ஒற்றுப் பிழையும் கட்டணத் தொகையும் ஒன்றா? பழைய வடிவங்களை அதுவே சேமித்து வைக்கிறது, நொடியில் மீட்கலாம். அச்சடித்த புத்தகத்துக்குப் பட்ட பயத்தை இங்கேயும் ஏன் சுமக்க வேண்டும்?

பணம், தேதி, தனிமனிதர் பெயர் இருந்தால் இன்னொருவர் பார்க்கட்டும், அதுவும் அன்றைக்கே. மற்றவை நேரடியாகப் போகட்டும். ஐந்து பேர் வைத்திருக்கும் அலுவலகம் பதிவேட்டைப் புரட்டட்டும்: போன வருடம் அந்த ஐந்தாவது ஆள் எத்தனை பக்கங்களைத் திருப்பி அனுப்பினார்? ஒன்றுகூட இல்லை என்றால் அவருக்கு வேறு வேலை கொடுக்கலாம்.