டாங்கிள் டப்பாவில் இன்னும் ஒரு வரி

பிராட்பேண்ட் வராத தெருக்களிலும், விடுதி அறைகளிலும், சின்னக் கடைகளின் கல்லாப் பக்கத்திலும் உள்ளங்கை அளவு வைஃபை டாங்கிள்தான் இன்றும் இணையம். சிம்மைப் போட்டு ஆன் செய்தால் வேலை முடிந்தது. ரீசார்ஜ் தீர்ந்தாலோ பேட்டரி உப்பினாலோதான் மறுபடி அதைக் கையில் எடுப்போம். உள்ளே ஓடுவது ஒரு குட்டிக் கம்ப்யூட்டர், அதன் மென்பொருளில் ஓட்டை இருந்தால் அடைக்க வேண்டும் என்று விற்றவர் சொல்வதில்லை.

ஓட்டைகள் நிஜமானவை. டி-லிங்க்கின் டிடபிள்யூஆர்-932பி மாடலைப் பிரித்துப் பார்த்த ஆய்வாளர் பியர் கிம், 2016-ல் அதன் குறைகளைப் பட்டியலிட்டார். சாதனத்தை முழுதாக ஆளும் ரூட் கணக்கின் பாஸ்வேர்டு என்ன தெரியுமா? 1234! 2019-ல் ஜியோஃபை ஜேஎம்ஆர்1140 மாடலின் வைஃபை பாஸ்வேர்டை ஒரு வலைக் கோரிக்கை மூலமே எடுத்துவிடலாம் என்ற குறை, சிவிஇ-2019-7745 என்ற எண்ணில் பதிவானது. அதே ஆண்டு, பென் டெஸ்ட் பார்ட்னர்ஸ் என்ற பிரிட்டன் நிறுவனம் நெட்கியர், டிபி-லிங்க், இசட்டிஇ டாங்கிள்களில் கண்ட ஓட்டைகளை டெஃப்கான் மாநாட்டில் வெளியிட்டது. பழைய எம்எஃப்910 மாடல் பற்றி இசட்டிஇ தந்த பதில்: அதன் ஆயுள் முடிந்துவிட்டது, சரிசெய்ய மாட்டோம்.

ஆயுள் முடிந்தது கம்பெனியின் கணக்கில்தான். சாதனம் ஜோராக வேலை செய்கிறது; செகண்ட் ஹேண்டில் கைமாறவும் செய்கிறது.

மொபைல் நெட்வொர்க்கில் வெளியாள் நேராக டாங்கிளைத் தொடுவது கஷ்டம் என்று சமாதானம் சொல்வார்கள். பாதி உண்மை. டாங்கிளோடு இணைந்த போனில் யாராவது ஒரு விஷமப் பக்கத்தைத் திறந்தால், ஓட்டையுள்ள டாங்கிளுக்கு அந்த பிரௌசரே உள்ளிருந்து கட்டளை அனுப்பிவிடலாம். தளத்தின் பெயரை வைத்து அதன் முகவரியைக் காட்டும் டிஎன்எஸ் அமைப்பை மாற்றிவிட்டால் போலித் தளங்களுக்கு வழி திறக்கும். உங்கள் இணைப்பு வழியாக மோசடி நடந்தால், சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் முதல் விசாரணை.

மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு எச்சரிக்கைகள் வெளியிடுகிறது. ‘தயாரிப்பாளர் தரும் அப்டேட்டைப் போடுங்கள்’ என்பதுதான் வழக்கமான அறிவுரை. அப்டேட்டே வராத பெட்டிக்கு எதைப் போடுவது? பாஸ்வேர்டை மாற்றவில்லையா என்று வாங்கியவரையே குடைவதில் எனக்கு உடன்பாடில்லை. மாற்றுவது நல்லதுதான், மென்பொருள் ஓட்டையை அது அடைக்காது.

செய்ய வேண்டியது பெரிய காரியமுமில்லை. பொட்டலப் பொருட்களுக்கான 2011-ம் ஆண்டு சட்டமுறை எடையளவு விதிகளின்படி டாங்கிள் டப்பாவில் எம்ஆர்பி, தயாரித்த மாதம், வருடம், புகார் எண் எல்லாம் ஏற்கெனவே அச்சாகின்றன. ‘பாதுகாப்பு அப்டேட் இந்தத் தேதி வரை’ என்ற ஒரு வரியை மத்திய நுகர்வோர் விவகாரத் துறை கட்டாயமாக்கட்டும். பிரிட்டனில் அந்தக் காலக்கெடுவை அறிவிப்பது 2024 ஏப்ரல் 29 முதல் சட்டம். எல்லாப் பெட்டிக்கும் ஒரே ‘அட்மின்’ பாஸ்வேர்டு வைப்பதற்கும் அங்கே தடை. ஐரோப்பிய ஒன்றியத்தின் இதுபோன்ற விதிகள் 2027 டிசம்பர் 11 முதல் முழுமையாக அமலாகின்றன. அங்கே தேதி சொல்லும் கம்பெனி இங்கே வாய்திறக்க என்ன தடை?

ஏற்கெனவே வீடுகளில் கிடக்கும் டாங்கிள்களுக்கும் வழி உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஐஎம்இஐ எண் இருக்கிறது. அதன் முதல் எட்டு இலக்கங்களே மாடலைக் காட்டிவிடும். எந்த சிம் எந்த மாடலில் ஓடுகிறது என்பது தொலைபேசி நிறுவனங்களுக்குத் தெரியும். ஆஃபர் எஸ்எம்எஸ் ஓயாமல் அனுப்புகிறவர்கள், ‘உங்கள் மாடலுக்கு இனி அப்டேட் இல்லை’ என்று பதிவு செய்த எண்ணுக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பலாமே. தங்கள் பெயர் பொறித்து விற்ற பெட்டிகளைத் திரும்பப் பெற்று, சலுகை விலையில் புதியது தரும் பொறுப்பும் அவர்களுடையதே. இதைத் தொலைத்தொடர்புத் துறை உத்தரவாகவே போட வேண்டும்.