பொதுச்சொத்தின் பத்திரம் பழுதாகலாமா?

கன்னட எழுத்தாளர் நிரஞ்சனாவின் ‘சிரஸ்மரணெ’ நாவலை, ‘நினைவுகள் அழிவதில்லை’ என்ற தமிழ் வடிவில் படிக்காத தோழர்கள் குறைவு. 1943 மார்ச் 29 அன்று கண்ணூர்ச் சிறையில் தூக்கிலிடப்பட்ட கையூர்த் தியாகிகளின் கதை அது. நிரஞ்சனாவின் 50-க்கும் மேற்பட்ட நூல்களை 2014-இல் அவரது குடும்பத்தினர் கிரியேட்டிவ் காமன்ஸ் எனப்படும் படைப்பாக்கப் பொதும உரிமத்தின்கீழ் மக்களுக்கு வழங்கினர். பெங்களூருவிலுள்ள இணையம் மற்றும் சமூக மையம் அதற்குத் துணை நின்றது. அந்நூல்களை எவரும் படியெடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், அச்சிட்டு விற்கலாம். ஆசிரியரின் பெயரைச் சுட்ட வேண்டும். மாற்றி வெளியிடுவோர் அதே உரிமையைப் பிறருக்கும் தர வேண்டும். இவையே நிபந்தனைகள். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கழியும்வரை காத்திருக்க வேண்டிய சட்டத் தடையை ஒரு குடும்பத்தின் முடிவு அகற்றியது.

அங்கே முடிவெடுக்க உரியவர்கள் இருந்தார்கள். அதே பெங்களூருவில் நாள்தோறும் எழுதப்படும் இன்னொரு வகை எழுத்துக்கு அப்படி ஒருவர் இல்லை. கட்டற்ற மென்பொருள்களுக்கான கையேடுகள், நிறுவும் முறை விளக்கங்கள், பயிற்சிப் பாடங்கள் ஆகியவற்றில் ஒருவர் ஓர் அத்தியாயம் எழுதுகிறார். ஒருவர் பிழை திருத்துகிறார். மற்றொருவர் கன்னடத்திலோ தமிழிலோ பெயர்க்கிறார். பத்தாண்டுகளில் நூறு கைகள் பட்டுவிடுகின்றன. எழுதிய ஒவ்வொருவரும் தத்தம் பகுதிக்குப் பதிப்புரிமை உடையவர். நிரல் இடையறாது புதுப்பிக்கப்படுகிறது. கையேட்டின் உரிமக் குறிப்பை மட்டும் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதை எழுத்தர் வேலை என்று ஒதுக்குவது தவறு. கூட்டுழைப்பின் விளைச்சல் யாருக்கு உரியது என்பதற்கான பத்திரம் அது.

பத்திரம் பழையதானால் என்ன நேரும் என்பதை விக்கிப்பீடியாவின் வரலாறு காட்டுகிறது. மென்பொருள் கையேடுகளுக்கென 2000-ஆம் ஆண்டு வெளிவந்த குனு கட்டற்ற ஆவண உரிமத்தையே அது தொடக்கத்தில் ஏற்றது. ஒவ்வொரு படியுடனும் உரிமத்தின் முழு வாசகமும் இணைக்கப்பட வேண்டும் என்பது அவ்வுரிமத்தின் விதி. புத்தகமாக அச்சிடும் கையேட்டுக்கு அது சுமையன்று. இரண்டு பக்கக் கட்டுரையைப் படியெடுத்து வகுப்பில் வழங்க விரும்பும் ஆசிரியருக்கோ தாங்க முடியாத சுமை. 2008 நவம்பரில் வந்த 1.3-ஆம் பதிப்பு, இத்தகைய தளங்கள் படைப்பாக்கப் பொதும உரிமத்துக்கு மாற 2009 ஆகஸ்ட் 1 வரை வழி திறந்தது. பங்களிப்பாளர்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, 2009 ஜூனில் விக்கிப்பீடியா மாறியது. தமிழ், கன்னடப் பதிப்புகளும் உடன் மாறின. உலகெங்கும் சிதறிய இலட்சக்கணக்கானோரின் எழுத்தை இவ்வாறு மாற்ற முடிந்ததற்குக் காரணம், தொடக்க உரிமக் குறிப்பிலேயே இருந்த ‘அல்லது அதற்குப் பிந்தைய எந்தப் பதிப்பும்’ என்ற சிறு தொடர்.

அத்தகைய வழி இல்லாதவர்கள் கொடுத்த விலையும் உண்டு. மக்கள் கூடி வரைந்த ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடம் 2012-இல் வேறோர் உரிமத்துக்கு மாறியபோது, பங்களிப்பாளர் ஒவ்வொருவரிடமும் இசைவு கேட்க வேண்டியதாயிற்று. மறுத்தவர்களின் உழைப்பும், விடையளிக்காதவர்களின் உழைப்பும் வரைபடத்திலிருந்து நீக்கப்பட்டன.

புதிய பதிப்பு என்பது வெறும் எண் மாற்றமன்று. படைப்பாக்கப் பொதும உரிமத்தின் பழைய பதிப்புகளில், பெயரைச் சுட்டுவதில் சிறு பிழை நேர்ந்தாலும் பயன்படுத்துவோரின் உரிமை அக்கணமே முடிந்துபோகும். இந்த ஓட்டையைப் பயன்படுத்தி, பிழை செய்தவர்களை மிரட்டிப் பணம் பறிப்பதே சிலருக்குத் தொழிலாயிற்று. 2013 நவம்பரில் வந்த 4.0 பதிப்பு, பிழையை அறிந்த 30 நாட்களுக்குள் திருத்தினால் உரிமை தானாகவே மீளும் என்று மாற்றியது. 2015 முதல், 4.0 உரிமத்தில் அதேவிதப் பகிர்வு நிபந்தனையுடன் உள்ள எழுத்தைக் குனு பொதுமக்கள் உரிமத்தின் மூன்றாம் பதிப்பிலுள்ள மென்பொருளோடு இணைக்கவும் வழி பிறந்தது. 3.0 என்ற எண்ணோடு கிடக்கும் கையேட்டுக்கு இவ்விரண்டு பயனும் நேரடியாகக் கிட்டாது.

மூலதனம் இவ்விடத்தில் தூங்குவதில்லை. பெங்களூருவின் நிறுவனங்கள் உட்பட உலகெங்கும் பயன்படும் ரெடிஸ் என்ற தரவுத்தள மென்பொருளை அதன் நிறுவனம் 2024 மார்ச்சில் கட்டற்ற உரிமத்திலிருந்து விலக்கியது. ஊதியமின்றிப் பங்களித்தோரின் உழைப்பும் உள்ளடங்கிய பொருளுக்கு ஒரே நாளில் வேலி போடப்பட்டது. ஆனால் அதே மாதத்தில் வால்கீ என்ற மக்கள் கிளை முளைத்தது. பழைய நிரலின் உரிமம் அதற்கு இடம் தந்தது; கையேடுகளும் 4.0 அதேவிதப் பகிர்வு உரிமத்தில் இருந்ததால், அவற்றையும் எடுத்துச் செல்ல முடிந்தது. 2025 மே மாதத்தில் அந்நிறுவனமே மீண்டும் ஒரு கட்டற்ற உரிமத்தைச் சேர்க்க நேர்ந்தது. கையேட்டின் உரிமம் தெளிவற்றுக் கிடந்திருந்தால், புதிய கிளையினர் முதல் எழுத்திலிருந்து எழுதியிருக்க வேண்டும்.

உரிமம் என்பதே முதலாளித்துவ உடைமைச் சட்டத்தின் பிள்ளை, அதைச் செப்பனிடுவது நம் வேலையா என்று கேட்போர் உண்டு. தொழிற்சாலைச் சட்டங்களை இயற்றியதும் முதலாளித்துவ நாடாளுமன்றமே. ஆயினும் வேலைநேர வரம்பைத் தொழிலாளி வர்க்கம் தன் வெற்றியாகக் கொண்டது. அதைக் காக்க இன்றும் போராடுகிறது. 2024 ஜூலையில் தகவல் தொழில்நுட்ப ஊழியர்களின் வேலைநாளை 14 மணி நேரமாக நீட்டும் முயற்சி கர்நாடகத்தில் எழுந்தபோது, அங்குள்ள ஐ.டி. ஊழியர் சங்கம் அதை எதிர்த்து நின்றது. வென்ற உரிமையைக் கவனியாது விட்டால் அது தேயும் என்பது உழைக்கும் மக்கள் அறிந்த பாடம். பொது உரிமமும் அவ்வாறே வென்றெடுக்கப்பட்ட ஒன்று.

இந்தியச் சட்டம் இங்கே கூடுதல் எச்சரிக்கையைக் கோருகிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 30-ஆவது பிரிவின்படி உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும். தோழமை வாய்ச்சொல் போதாது. 17-ஆவது பிரிவோ, வேறு ஒப்பந்தம் இல்லாவிடில், பணியின் பகுதியாக ஊழியர் எழுதியது முதலாளிக்கே உரியது என்கிறது. பகலில் நிறுவனத்துக்கும் இரவில் பொது இயக்கத்துக்கும் எழுதும் பெங்களூரு ஊழியர், எந்த எழுத்து யாருடையது என்ற எல்லையை முன்கூட்டியே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. ஒவ்வொரு கையேட்டின் தலைப்பக்கத்திலும் உரிமத்தின் பெயரும் பதிப்பு எண்ணும் இருக்க வேண்டும். நிரலுக்கு ஓர் உரிமம், ஆவணத்துக்கு வேறு என்றால் அதுவும் எழுதப்பட வேண்டும். பங்களிப்பு வரும்போதே ‘பிந்தைய பதிப்பும்’ என்ற இசைவைப் பெற வேண்டும். பத்தாண்டுகள் கழித்துத் தேடினால் ஆள் கிடைக்கமாட்டார். பங்களித்தோரின் பெயர்ப் பட்டியலைப் பேண வேண்டும். ஆண்டுக்கொரு முறை இவற்றைச் சரிபார்க்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். புதுப்பித்தல் என்பது பழைய எண்ணை அழித்துப் புதிய எண்ணை எழுதிவிடுவதன்று. பிறர் எழுதியதன் உரிமத்தை அவர் இசைவின்றி மாற்றும் அதிகாரம் எவருக்கும் இல்லை. அதேவிதப் பகிர்வு உரிமம் 2.0 பதிப்பு முதல், திருத்தியும் விரித்தும் உருவாக்கும் புதிய வடிவத்தைப் பிந்தைய பதிப்பில் வெளியிட அனுமதிக்கிறது. அந்த வழியே செல்ல வேண்டும்.

2012 முதல் எளிய தமிழில் கணினி நூல்களைப் பொது உரிமத்தில் வெளியிட்டுவரும் கணியம், கர்நாடகக் கட்டற்ற மென்பொருள் இயக்கம் போன்ற அமைப்புகளின் உழைப்பு அடுத்த தலைமுறைக்கு முழுமையாகப் போய்ச்சேர வேண்டுமானால் இந்தக் கவனம் இன்றியமையாதது. இயக்கம் வெளியிடும் மொழிபெயர்ப்புகளுக்கும் சிறு நூல்களுக்கும் இதே விதி பொருந்தும். பயிற்சி முகாம்களில் நிரல் எழுதக் கற்பிக்கும்போதே, எழுதியதைப் பொதுவில் நிலைநிறுத்தும் முறையையும் கற்பிக்க வேண்டும். ஐ.டி. ஊழியர் சங்கங்களும் கட்டற்ற மென்பொருள் அமைப்புகளும் இதனைத் தம் வேலைத்திட்டத்தில் சேர்த்துக்கொள்ளட்டும்.